பெப்ரவரி நான்கும் கொழும்புத் தமிழரும்: ஒரு பொது விடுமுறை நாளின் சமூக வரலாறு

இலங்கையின் சுதந்திர தினம் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றை நோக்குமிடத்து, அவற்றுள் இரண்டு மரபுகள் மேலோங்கி நிற்றலைக் காணலாம். முதலாவது, ஆண்டுதோறும் பெப்ரவரி 4ஆம் திகதி பத்திரிகைகளின் சிறப்பு மலர்களில் இடம்பெறும் வாழ்த்துரை மரபு. இரண்டாவது, அதே நாளைக் கரிநாளாகக் கொண்டு கண்டனம் தெரிவிக்கும் மரபு. ஒன்றுக்கொன்று முற்றிலும் முரணானவை போலத் தோன்றினும், இவ்விரண்டுக்கும் பொதுவான குறைபாடு ஒன்றுண்டு. இரண்டுமே அந்நாளை ஆயத்தமாகக் கிடைத்த ஒரு பொருளாக ஏற்றுக்கொள்கின்றன. அந்நாள் எவரால் ஆக்கப்பட்டது, எவ்வர்க்கத்தின் தேவைக்காக ஆக்கப்பட்டது, எவருடைய போராட்டம் அதிலிருந்து நீக்கப்பட்டது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

இக்கட்டுரையில் நாம் அவ்வினாக்களைக் கொழும்பு நகரிலே நின்று எழுப்ப முயல்கிறோம். நகரின் வடக்கே துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையும், தெற்கே காலி வீதியிலுள்ள வெள்ளவத்தையும் நமது நோக்குநிலைகளாகும். ஈழத்துத் தமிழரின் அரசியல் வரலாறு யாழ்ப்பாணத்திலிருந்தே பெரிதும் எழுதப்பட்டுள்ளமையால், விழாவையும் கரிநாளையும் ஒருங்கே அண்மையில் நின்று பார்த்து, இரண்டிலும் முழுமையாகச் சேர இயலாதிருந்த கொழும்புத் தமிழரின் அனுபவம் போதிய கவனத்தைப் பெறவில்லை. துறைமுகத் தொழிலாளி, நகரசபைச் சுத்திகரிப்பாளர், கடைச் சிப்பந்தி, அரசாங்க எழுதுவினைஞர், ஆசிரியர், வழக்கறிஞர், வணிகர் என வர்க்க அடிப்படையிற் பிளவுபட்டுக் கிடந்த ஒரு சமூகம் அது. சுதந்திரம் அவ்வனைவரையும் ஒரே வாசல் வழியாக வந்தடையவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து தொடங்குதல் பொருத்தமானது. நவீன இலங்கையில் விடுமுறை நாளும் கொடியும் அரசியற் பொருள்களாக மாறியது அங்கேயே. 1883 மார்ச் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் தீபதுத்தாராமய விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம் கத்தோலிக்கக் கூட்டமொன்றினால் தாக்கப்பட்டது. தாக்கியோர் தண்டிக்கப்படவில்லை என்ற மனக்குறையைக் கேணல் ஒல்கொட் 1884இல் இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். அதன் பயனாக வெசாக் தினம் பொது விடுமுறையாக ஏற்கப்பட்டு, 1885 ஏப்ரல் 28ஆம் திகதி முதன்முறையாக அனுட்டிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் வழங்கும் பௌத்தக் கொடி அன்றுதான் அதே கொட்டாஞ்சேனை விகாரையில் முதலில் ஏற்றப்பட்டது. ஒரு தெருக்கலவரம் இரண்டே ஆண்டுகளில் ஒரு விடுமுறையையும் ஒரு கொடியையும் ஈன்றமை கவனத்துக்குரியது. குடியேற்றவாத அரசு மக்களைச் சமூகங்களாக வகுத்து, சமூகங்களாகவே அவர்களுக்குச் சலுகை வழங்கியது. மதத்தின் பெயரால் விண்ணப்பித்தோருக்கு 1885இல் ஒரு நாள் கிடைத்தது. அதே கொட்டாஞ்சேனையிற் பாரம் சுமந்த துறைமுகத் தொழிலாளரின் மே தினம் அரசாங்க விடுமுறையாவதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு மாறான ஒரு மரபு நகரின் தென்கோடியில் தோன்றியது. முதலாம் உலகப் போரின் நினைவாக நவம்பர் 11ஆம் திகதி கொழும்பிலே பொப்பி மலர் விற்கப்படுவது வழக்கம். அதனாற் சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய முன்னாட் படையினரின் நலனுக்குச் சென்றது. இதற்கு எதிராகச் சூரிய மலர் விற்பனை 1931இல் ஆரம்பிக்கப்பட்டது. 1933இல் தென் கொழும்பு வாலிபர் கழகத்தைச் சார்ந்த இளைஞர்கள் அதனைப் பொறுப்பேற்று, ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக மாற்றினர். அதே ஆண்டில் அதே இளைஞர்கள் வெள்ளவத்தை நூற்பு, நெசவு ஆலையின் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றனர். கொல்வின் ஆர். டி சில்வா அவ்வாலைத் தொழிற்சங்கத்தின் தலைவரானார். ஆலைத் தொழிலாளருட் பெரும்பான்மையோர் இந்திய வம்சாவளியினர், மலையாளிகள் பலர். அக்காலத்திற் கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க இவ்வேலைநிறுத்தத்தை எதிர்த்தார். இந்தியத் தொழிலாளருக்கு எதிரான இனவாதம் அவரது அரசியலில் வேரூன்றிய காலம் அது. 1935 டிசெம்பரில் உருவான லங்கா சமசமாஜக் கட்சியின் தொட்டில்களுள் ஒன்று வெள்ளவத்தை ஆலை வாசல் எனின் மிகையாகாது.

இங்கு நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. ஆட்சியாளர் ஒரு நாளைக் கொண்டாடியபோது, அந்நாளை விட்டு விலகி நிற்காமல், அதே நாளில் அதே தெருவில் வேறொரு மலரை விற்கும் ஆற்றல் 1933இல் இடதுசாரி இளைஞர்களிடம் இருந்தது. பதினைந்தாண்டுகளின் பின்னர் அவ்வாற்றல் என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் மைய வினா.

இடைப்பட்ட காலத்தைச் சுருக்கமாகக் கூறிச் செல்லலாம். பூரண சுயராச்சியம் வேண்டுமென்று இலங்கையில் முதலில் ஓங்கி ஒலித்த குரல்களுள் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் குரல் முக்கியமானது. டொனமூர் யாப்பு சுயராச்சியம் தரவில்லையென்று கூறி அவர்கள் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரித்தனர். வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. கொழும்பிலோ, இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவராக 1919இல் தெரிவான சேர் பொன்னம்பலம் அருணாசலம், மேல் மாகாணத் தமிழருக்கு ஓர் ஆசனம் என்ற வாக்குறுதி காப்பாற்றப்படாமையால் 1921இல் வெளியேறியிருந்தார். ஒருபுறம் முழு விடுதலை கோரிய மத்தியதர வர்க்க இளைஞர், மறுபுறம் ஆசனப் பங்கீட்டிற் பிணங்கிய மேட்டுக்குடியினர். கொழும்புத் துறைமுகத்துத் தமிழ்த் தொழிலாளி இவ்விரு கணக்கிலும் இடம்பெறவில்லை.

அவன் கணக்கில் இடம்பெற்ற ஆண்டு 1947. அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் நிகழ்ந்த பொது வேலைநிறுத்தத்திற் கொழும்பின் தொழிலாளருடன் அரசாங்க எழுதுவினைஞரும் இணைந்தனர். வெள்ளைச் சட்டை உத்தியோகத்தரும் உடலுழைப்பாளரும் ஒரே ஊர்வலத்திற் சென்றமை இந்நாட்டு வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சியாகும். ஜூன் 5ஆம் திகதி தெமட்டகொடையிற் பொலிசார் சுட்டதில் அரசாங்க எழுதுவினைஞரான கந்தசாமி உயிரிழந்தார். ஒரு தமிழர்; தமிழர் என்ற வகையில் அன்றி, வேலைநிறுத்தக்காரர் என்ற வகையிலே வீழ்ந்தவர். எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவர் ரி. பி. இலங்கரத்தின பதவி நீக்கப்பட்டார். சுதந்திரத்துக்கு எட்டு மாதங்களே இருந்த நிலையில் அதே ஜூன் மாதத்தில் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவசரமாக நிறைவேற்றப்பட்டது. பின்னர் 1953, 1958, 1971, 1983 ஆகிய ஆண்டுகளிற் பிரகடனமான அவசரகாலநிலைகள் யாவும் அச்சட்டத்தின் வழி வந்தவையே. சுதந்திர அரசு பிறக்கு முன்பே அதன் தடி செதுக்கப்பட்டுவிட்டது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் நடந்த தேர்தலில் வெள்ளவத்தை - கல்கிசைத் தொகுதி கொல்வின் ஆர். டி சில்வாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. கொட்டாஞ்சேனையை அடுத்த கொழும்பு மத்திய தொகுதி, ஏ. ஈ. குணசிங்க, ரி. பி. ஜாயா ஆகியோருடன் கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமனையும் தெரிவு செய்தது. மலையகத் தொகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரசின் வேட்பாளர்கள் வென்றனர்; நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமான் வெற்றிபெற்றார். தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்கும் வேறு பல தொகுதிகளில் உதவியிருந்தது. ஐக்கிய தேசியக் கட்சி தனிப் பெரும்பான்மையின்றி, சுயேச்சை உறுப்பினரின் தயவிலேயே ஆட்சியமைத்தது. டி. எஸ். சேனநாயக்காவும் அவரைச் சூழ்ந்திருந்த தோட்ட உடைமையாளரும் இவ்வெண்ணிக்கையை நன்கு படித்தனர். அடுத்த இரண்டாண்டுகளின் சட்டங்களை விளங்கிக்கொள்ள, நாமும் அதனைப் படிக்க வேண்டும்.

1947 நவம்பர் 11இற் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை கைச்சாத்தாகியது. திருகோணமலைக் கடற்றளமும் கட்டுநாயக்க விமானத்தளமும் 1957 வரை பிரித்தானியர் வசமே இருந்தன. சோவியத் ஒன்றியம் இந்நாட்டின் சுதந்திரத் தன்மையை ஐயுற்று எதிர்வாக்களித்தமையால், ஐக்கிய நாடுகள் சபையில் 1955 டிசெம்பர் வரை இலங்கைக்கு இடம் கிடைக்கவில்லை. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திரம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதுவரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி மன்க் மேசன் மூர் மகாதேசாதிபதியானார். இராச மாளிகையில் ஆள் மாறவில்லை. பெருவிழா பெப்ரவரி 10ஆம் திகதி டொரிங்டன் சதுக்கத்தில் நடைபெற்றது. அதற்கெனச் சிறப்பாக அமைக்கப்பட்ட மண்டபத்தில் குளொஸ்டர் கோமகன் மன்னரின் பிரதிநிதியாக நின்று பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தார். பின்னர் சுதந்திர சதுக்கம் எனப் பெயர் பெற்ற அவ்விடத்தில் எழுந்த நினைவு மண்டபம் கண்டியின் மகுல் மடுவையைத் தழுவியது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியருக்குக் கையளித்த உடன்படிக்கை நிறைவேறிய மண்டபம் அதுவே. அரசைக் கொடுத்த மண்டபத்தின் வடிவிலேயே அரசைப் பெற்றமைக்கும் நினைவுச் சின்னம் எழுப்பியமை, ஆட்சி மாற்றம் பற்றிய மேட்டுக்குடியின் கருத்துநிலையை அவர்கள் அறியாமலே புலப்படுத்திவிடுகிறது. பிரதானிகள் கையொப்பமிட்டுக் கொடுத்தனர். பிரதானிகளின் வழிவந்தோர் கையொப்பமிட்டுப் பெற்றனர்.

கொடியின் கதை இன்னும் சுவையானது. கண்டியின் இறுதி மன்னனான சிறீ விக்கிரம இராசசிங்கனின் சிங்கக் கொடியைத் தேசியக் கொடியாக ஏற்கும்படி 1948 ஜனவரியிற் பாராளுமன்றத்திற் பிரேரித்தவர் மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை, தமிழ் பேசும் முஸ்லிம். அம்மன்னனோ தென்னிந்திய நாயக்கர் வழியினன். 1832இல் வேலூர்ச் சிறையில் இறந்தவன். பண்டாரநாயக்காவின் தலைமையில் அமைந்த கொடிக் குழு, சிறுபான்மையினரைக் குறிக்கச் செம்மஞ்சள், பச்சை நிறப் பட்டிகள் இரண்டைச் சேர்த்தது. செனற்றர் எஸ். நடேசன் இதற்கு உடன்படவில்லை. 1951 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் அக்கொடியை ஏற்றது. தென்னிந்திய வழிவந்த மன்னனின் கொடியை உவந்தேற்ற அதே பாராளுமன்றம், தென்னிந்திய வழிவந்த தொழிலாளியை அதற்கு முன்பே வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கத் துணிந்திருந்தது.

சட்டத்தின் படிகளைச் சற்று நிதானமாக நோக்குவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஆகஸ்டில் நிறைவேறி நவம்பர் 15இல் அமுலுக்கு வந்தது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டமும், தேர்தற் சட்டத் திருத்தமும் தொடர்ந்தன. இவ்விடத்தில் நம்மவரிடையே வழங்கும் ஒரு தவற்றைத் திருத்துதல் கடன். ஜி. ஜி. பொன்னம்பலம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார் என்று மேடைகளிற் கூறப்படுவதுண்டு. அது பிழை, அவர் அதனை எதிர்த்தார். செப்டெம்பரில் அமைச்சர் பதவி ஏற்ற பின்னர், இரண்டாவது சட்டத்தையே ஆதரித்தார். இந்த வேறுபாடு அவரது பொறுப்பைக் குறைப்பதன்று, கூட்டுவதாகும்: அறியாமையால் அன்றி, அறிந்தே இணங்கினார் என்பது இதனால் உறுதியாகிறது. இதுபற்றிய முரண்பாட்டிலிருந்தே செல்வநாயகம் முதலியோர் பிரிந்து 1949 டிசெம்பரிற் கொழும்பு மருதானையிலே தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர்.

பிரசாவுரிமைச் சட்டம் மலையகத்தோடு மாத்திரம் தொடர்புபடுத்தப்படுவது வழக்கம். ஆயின் அது கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் முகத்துவாரத்து லயன்களிலும் வாழ்ந்தோரையும் தாக்கியது. வம்சாவளியாற் பிரசையாவதற்குத் தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். இன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். மூன்று தலைமுறைக்குப் பிறப்பத்தாட்சி காட்டுமாறு துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனிடம் கேட்கப்பட்டது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி பொருந்தும். சுதந்திரம் என்னும் சொல் தமிழில் நெடுங்காலம் அரசியல் விடுதலையை மட்டும் குறித்ததன்று. ஊர்த் தொழிலாளருக்கும் உத்தியோகத்தருக்கும் வழிவழியாகக் களத்திற் கிடைத்த பங்கு சுதந்திரம் எனப்பட்டது. கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களில் வாசிக்கப்பட்ட பழைய தமிழ் விவிலியத்தில் சுதந்தரம் என்றால் பிதுரார்ச்சிதம். சுதந்தரவாளி என்றால் வாரிசு. 1948இல் ஆளும் வர்க்கம் பெற்றது இப்பழைய பொருளிலான சுதந்திரமே என்று கூறத் தோன்றுகிறது. 1952இல் டி. எஸ். சேனநாயக்கா காலமாக மகன் டட்லி பிரதமரானார். அடுத்த ஆண்டில் உறவினர் கொத்தலாவலை பிரதமரானார். மேலே ஆட்சி சுதந்தரமாயிற்று, கீழே குடியுரிமை சுதந்தரமாயிற்று. தகப்பனைக் காட்ட முடிந்தவனுக்கே நாடு.

இனி இடதுசாரிகளின் நிலைப்பாட்டுக்கு வருவோம். சமசமாஜிகளும் போல்ஷெவிக் லெனினிசக் கட்சியினரும் இச்சுதந்திரத்தைப் போலிச் சுதந்திரம் என்று கூறி விழாவைப் பகிஷ்கரித்தனர். கணிப்பு பிழையானதன்று, பாதுகாப்பு உடன்படிக்கையும் பெருந்தோட்டப் பொருளாதாரமும் அதற்குச் சான்று. இந்தியாவிலும் இத்தகைய விவாதம் நிகழ்ந்தது. 1947 ஆகஸ்ட் 15ஆம் திகதியைப் பெரியார் துக்க நாளாக அறிவித்தார்; அண்ணாதுரை அதனை மறுத்து மகிழ்ச்சிக்குரிய நாள் என்றார். 1948 பெப்ரவரி இறுதியிற் கல்கத்தாவிற் கூடிய இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநாடும் பெற்ற சுதந்திரம் மெய்யானதன்று என்ற நிலைப்பாட்டையே எடுத்தது. ஆயின் கணிப்புச் சரியாக இருத்தல் வேறு, நடைமுறை சரியாக இருத்தல் வேறு. பொப்பி மலருக்கு எதிராகச் சூரிய மலரை விற்றோர், டொரிங்டன் சதுக்கத்துக்கு எதிராக வேறொரு சதுக்கத்தை நிலைநிறுத்தவில்லை. ஜூன் 5ஆம் திகதி அவர்கள் கையிலிருந்தது. ஒரு தமிழ் எழுதுவினைஞர் சிங்களத் தொழிலாளருடன் நடந்து குண்டுக்கு இரையான நாள். அதனை மக்களின் சுதந்திர நாளாக ஆண்டுதோறும் வளர்த்தெடுத்திருப்பின், பெப்ரவரி 4ஆம் திகதிக்கு எதிரே வர்க்க ஒற்றுமையின் நாளொன்று நிமிர்ந்து நின்றிருக்கும். அது தொழிற்சங்க நினைவாக ஒடுங்கிப்போயிற்று. அரிசி விலையேற்றத்துக்கு எதிராக 1953 ஆகஸ்ட் 12இல் நிகழ்ந்த மாபெரும் ஹர்த்தாலுக்கும் அதே கதி நேர்ந்தது. அமைச்சரவையைத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடச் செய்த நாள் அது! வெற்றிடத்தை நிரப்பியது இனவாதம்.

அக்காலத் தமிழ் எழுத்தாளர் இவ்வெற்றிடத்தை வேறு வழியில் நிரப்ப முயன்றனர். ஆனந்த சமரக்கோன் 1940இல் இயற்றிய பாடலுக்குத் தமிழ் வடிவம் தந்தவர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியிற் கற்பித்த பண்டிதர் மு. நல்லதம்பி. அச்சிங்களப் பாடல் 1951 நவம்பரிற் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம், தேசிய இலக்கியம் என்ற கோட்பாட்டை முன்வைத்தது. தென்னிந்திய வணிக இலக்கியத்தின் நிழலிலிருந்து ஈழத்து எழுத்தை மீட்டதில் அதன் பங்கு பெரிது. எனினும் அத்தேசியம் எந்தத் தேசத்தினது என்ற வினாவுக்கு அது தெளிவான விடை தரவில்லை என்பதை, அம்மரபில் வளர்ந்த நாம் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு 'வீடற்றவன்' என்று பெயரிட்டார். தேசிய இலக்கியம் பற்றிய விவாதங்களைவிட அத்தலைப்பு அதிகம் கூறுகிறது எனச் சிலவேளை எண்ணுகிறோம்.

1956 ஜூன் 5ஆம் திகதி, கந்தசாமி வீழ்ந்து சரியாக ஒன்பது ஆண்டுகள் கழிந்து, தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் செய்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டனர். இன்று ஜூன் 5 என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது இரண்டாவது நிகழ்ச்சியே. ஒரே திகதி, ஒரே நகரம்; ஒரு நினைவு மற்றையதை மூடிவிட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதியைத் துக்க தினமாக அனுட்டிக்குமாறு தமிழரசுக் கட்சி அழைத்தது. திருகோணமலையில் மணிக்கூட்டுக் கோபுரத்திற் கறுப்புக் கொடி கட்ட முயன்ற நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். கரிநாள் மரபுக்கு இரத்தத்தால் இடப்பட்ட தொடக்கம் அது. வடக்கு கிழக்கிற் கறுப்புக் கொடி ஏறியபோது, வெள்ளவத்தையில் வாழ்ந்த தமிழ் உத்தியோகத்தர் என்ன செய்தார்? அவர் அரசாங்க ஊழியர், வாடகை வீட்டுக்காரர், பிள்ளைகள் கொழும்புப் பாடசாலையில். அவர் வீட்டில் இருந்தார். விடுமுறை என்னும் சொல்லுக்குக் கொழும்புத் தமிழர் கண்ட நடைமுறைப் பொருள் இதுவே: வெளியே செல்லாதிருத்தல்.

இடதுசாரிகளின் வீழ்ச்சிக்கு 1966 ஜனவரி 8ஆம் திகதியை எல்லைக்கல்லாகக் கொள்ளலாம். தமிழ் மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராகக் கொழும்பில் நிகழ்ந்த ஊர்வலத்திற் சுதந்திரக் கட்சியினருடன் சமசமாஜிகளும் கம்யூனிஸ்ட்களும் நின்றனர். மலையாளத் தொழிலாளியின் பக்கம் நின்று வெள்ளவத்தை ஆலையிற் பிறந்த இயக்கம் அன்று குணசிங்கவின் பாதைக்கே திரும்பியது. 1972 மே 22ஆம் திகதி நவரங்கஹலவிற் பிரகடனமான குடியரசு யாப்பின் சிற்பி கொல்வின் ஆர். டி சில்வாவே. பிரித்தானிய முடியுடனான பிணைப்பு அறுந்தது; அவ்வகையிற் போலிச் சுதந்திரம் மெய்ச் சுதந்திரமாயிற்று என்று அவர்கள் கருதியிருக்கக்கூடும். அதே யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சிங்களத்தை அரசியல் யாப்பின் மொழியாக நிறுவியது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை நீக்கியது. அப்பிரிவு பிரசாவுரிமைச் சட்டத்திலிருந்து யாரையும் காக்கவில்லை என்பதும் உண்மை. கோடாகன்பிள்ளை வழக்கில் 1953இல் பிரிவிக் கவுன்சில் அளித்த தீர்ப்பு அதற்குச் சான்று. பெப்ரவரி 4ஆம் திகதியின் இடத்திற் சில ஆண்டுகள் மே 22 தேசிய தினமாகக் கொண்டாடப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியதும் பழைய நாள் மீண்டது. தனது நாளை நாட்காட்டியில் ஏற்ற இடதுசாரிகளுக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு, தமிழர் துக்கம் கொண்டாடிய இன்னொரு நாளாக முடிந்தது.

1983 ஜூலையின் பின் நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. எஞ்சியோர் அகதி முகாம்களிலிருந்து கப்பலேறினர். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் அதே வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்து விடுதி அறைகளில் தங்கினர். சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா கண்டியில் நடத்தத் திட்டமிடப்பட்டிருந்தது. 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகையிற் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலின் பின் கொழும்புக்கு மாற்றப்பட்டது. விழாக் காலம் என்பது விடுதிகளிற் சோதனைக் காலம் எனப் பொருள்படலாயிற்று. 2007 ஜூன் 7ஆம் திகதி கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நகரிற் தங்குவதற்கு என்ன காரணம் என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. 1948இல் மூட்டை சுமப்பவனிடம் கேட்ட கேள்வி, இம்முறை அடையாள அட்டையுடைய பிரசைகளிடம் கேட்கப்பட்டது. அன்று மத்தியதர வர்க்கத் தமிழர் பலர் அதனைத் தமது கேள்வியாகக் கருதவில்லை.

2016 பெப்ரவரி 4ஆம் திகதி காலிமுகத்திடலில் நடந்த அரசாங்க விழாவில் நல்லதம்பியின் தமிழ் வடிவம் இசைக்கப்பட்டது. 2020இல் அது விடப்பட்டது. ஒரு மொழிபெயர்ப்புப் பாடல் ஒலிப்பதும் ஒலியாததும் அரசியல் வெப்பமானியாகப் பயன்படுகிறது. 2022இல் பொருளாதார வீழ்ச்சிக்கு எதிராக எழுந்த மக்கள் அதே திடலிற் கூடாரமிட்டிருந்தபோது, மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் இறந்தோரைச் சிங்கள இளைஞரும் நினைவுகூர்ந்தனர். சூரிய மலரின் மரபு முற்றாக அழியவில்லை என்று எண்ண அது இடமளித்தது. ஆயினும் அடுத்த ஆண்டு, எழுபத்தைந்தாம் சுதந்திர தினத்தன்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் கறுப்புக் கொடியுடன் மட்டக்களப்பை நோக்கி நடந்தனர். 2025 பெப்ரவரியிற் சுதந்திர சதுக்கத்திற் கொடியேற்றியவர், செங்கொடி மரபிலிருந்து வந்த ஒரு சனாதிபதி. அச்செங்கொடி மரபின் மூத்தோருட் பலர் 1948இல் அச்சதுக்கத்துக்கு வர மறுத்தோர்.

கொழும்புத் தொழிலாளரின் பக்கமிருந்து இவ்வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகள் விரைவாக அழிந்துவருகின்றன. வெள்ளவத்தை ஆலை நின்ற காணியில் இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் மாடிமனைத் தொகுதி எழுந்துள்ளது. பெப்ரவரி முதல் வாரத்திற் காலி வீதித் தமிழ்க் கடைகளின் முகப்பிலே தேசியக் கொடிகள் தொங்குகின்றன. எத்தனை கொடிகள் உவகையாலும் எத்தனை எச்சரிக்கையாலும் ஏற்றப்பட்டவை என எவராலும் பிரித்தறிய இயலாது. 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட தொழிலாளரின் பெயர்கள் அக்காலத் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் தொழிற்சங்க ஏடுகளிலும் சிதறிக் கிடத்தல் கூடும். கொட்டாஞ்சேனைக் குடும்பங்கள் சிலவற்றின் பெட்டிகளில் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அனுப்பிய விண்ணப்பங்களின் படிகளும் நிராகரிப்புக் கடிதங்களும் இருக்கலாம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் வரும் விடுமுறையில் மாணவரைக் கொண்டு அவற்றைத் தேடித் தொகுக்கத் தொடங்கலாம். ஜம்பெட்டா வீதியிலிருந்தே தொடங்கலாம்.